எத்தனை ரவுண்டு? – கடிதம்

அன்புள்ள சார்,

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் சித்தப்பா ஒரு செய்தியைப் போட்டார். தப்பி ஓடிய ரவுடியைப் போலீஸ் காலில் சுட்டுப் பிடித்தது என்று. எண்ணிப் பார்த்தேன், கைதட்டும் பொம்மைகள் மட்டும் நாற்பது. இதே சித்தப்பாதான் தூத்துக்குடி ஸ்டெர்லைட் போராட்டத்தில் போலீஸ் சுட்டு 13 பேர் செத்தபோது இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தவர். சுட்டவர்களும் பதில் சொல்லவேண்டும் இல்லையா என்று எழுதினேன். "ரவுடிக்கு வக்காலத்தா?" என்று கேட்டுவிட்டார். அவர் கெட்டவர் இல்லை சார். இரண்டு ஏக்கர் விவசாயம், கொள்முதல் நிலையத்தில் எடை போடும்போது தராசை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். மனுநீதிச் சோழன் ஆண்ட மண்ணில் மக்கள் ஏன் இப்படி ஆனார்கள்? போலீஸ்காரர் சட்டையில் கேமரா மாட்டினால் மாறுமா? சித்தப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்வது?

ச.,
திருத்துறைப்பூண்டி

அன்புள்ள ச.,

முதலில் மனுநீதிச் சோழனை விடுங்கள். நம் பக்கத்து ஆட்களுக்கு எதற்கெடுத்தாலும் அந்தத் தேரை இழுக்காமல் முடியாது. இழுப்பதானால் முழுக்க இழுக்கவேண்டும். சேக்கிழார் சொல்லும் கதையில் அமைச்சர்கள் கழுவாய் செய்தால் போதும் என்றுதான் அரசனுக்கு யோசனை சொல்கிறார்கள். (இன்று அந்தக் கழுவாய்க்கு 20 லட்சம் நிவாரணம் என்று பெயர்.) அவன் கேட்கவில்லை. மகன்மேல் தேரை ஓட்டச்சொல்லி ஓர் அமைச்சனுக்கு உத்தரவு போகிறது. அதைச் செய்ய மனமில்லாமல் அந்த ஆள் தன் உயிரையே விட்டுவிடுகிறான். அவனை யாராவது மேடையில் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

கேமராவா? 2020இல் அப்பாவையும் மகனையும் பிடித்துக்கொண்டுபோய் அடித்து, இருவரும் செத்துப்போன சாத்தான்குளம் காவல் நிலையத்திலும் கேமரா இருந்தது. பதிவு அன்றன்றைக்கே அழியும்படி வைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப்போன மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். அந்த ராத்திரி நடந்ததை வாய் திறந்து சொன்னது அங்கே பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். போதும், மேலே போவோம்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து உட்காரவைத்தது அந்தத் தராசு. சில மாதங்களாகவே அப்பா நினைப்பாக இருக்கிறேன்.

அப்பா மன்னார்குடியில் ஓர் அரிசி ஆலையில் கணக்குப்பிள்ளை. முதலாளிக்கே இல்லாத கவலை அவருக்கு. "போட்ட நெல்லுக்கு அரிசி, நொய், தவிடு, உமி, நாலும் சேந்து வரணும்" என்பார். வரவில்லையென்றால் வீட்டுக்கு வரமாட்டார். அம்மா சோற்றில் தண்ணீரை ஊற்றிவிட்டுப் படுத்துவிடுவாள். ஒன்றரை மூட்டை தவிட்டுக்காக ராத்திரி பதினொரு மணிவரை பேரேட்டோடு மல்லுக்கட்டிய மனிதர் அவர்.

1982 ஜனவரி 19. பொங்கல் முடிந்து சம்பா அறுவடை நேரம். நாடு முழுக்கப் பொது வேலைநிறுத்தம். திருக்கடையூர் பக்கத்தில் திருமெய்ஞானத்தில் போலீஸ் சுட்டு அஞ்சான், நாகூரான் என்ற இரண்டு பேர் செத்தார்கள். எங்கள் மன்னார்குடியில் ஞானசேகரன். எனக்கு அப்போது ஒன்பது வயது. எதையும் நான் பார்க்கவில்லை, ஹரித்ராநதி வடகரையில் வீட்டுக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். நான் பார்த்தது மறுநாள் காலையில் திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பாவைத்தான். பக்கத்து வீட்டு மாமா சேதி சொல்லச் சொல்ல, அப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "பந்துன்னா வீட்டோட கெடக்கணும். அவனுக்கு அங்க என்ன வேல?" என்றார்.

மாமாவும் தலையாட்டினார். அவ்வளவுதான். தவிட்டுக்கு ராத்திரி பதினொரு மணி, மனுஷனுக்கு ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம்.

உங்கள் சித்தப்பாவும் இதைத்தான் கேட்கிறார். தூத்துக்குடி திரேஸ்புரத்தில் மகளுக்குச் சாப்பாடு எடுத்துப்போய்க் குண்டுபட்டுச் செத்த அம்மாவுக்கு அங்கே வேலை இருந்தது, அதனால் அழுதார். ரவுடிக்கு எங்கேயும் வேலை இல்லை, கைதட்டினார். அவர் மாறிப்போனதாக நீங்கள் நினைக்கிறீர்கள். அழுததும் கைதட்டியதும் ஒரே ஆள்தான். 2019இல் ஹைதராபாத் அருகே, பெண் மருத்துவரைக் கெடுத்துக் கொன்ற வழக்கில் பிடிபட்ட நால்வரைச் சுட்டுக் கொன்றபோது போலீசார்மேல் பூத் தூவி இனிப்புக் கொடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் நியமித்த சிர்புர்கர் ஆணையம் 2022இல் அந்த மோதல் கதையை நம்ப முடியாது என்றது, பத்துப் போலீசாரைக் கொலைக் குற்றத்துக்கு விசாரிக்கச் சொன்னது, நால்வரில் மூவர் பதினெட்டு நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது. தூவிய பூவை யார் போய்ப் பொறுக்குவது?

உங்களையும் திட்ட வேண்டியிருக்கிறது ச. "சுட்டவர்களும் பதில் சொல்லவேண்டும்" என்பது பொதுக்கூட்டப் பேச்சு. கைதட்டும் பொம்மையை உட்கார்ந்து எண்ணினீர்களே, அந்தச் செய்தியில் எத்தனை ரவுண்டு சுட்டார்கள் என்று இருந்ததா, பார்த்தீர்களா? எவ்வளவு தூரத்திலிருந்து? வழக்கு யார்மேல் பதிவானது? விசாரிப்பது அதே ஸ்டேஷனா, வேறு ஆட்களா? 2014இலேயே உச்ச நீதிமன்றம் 16 விதிகள் போட்டிருக்கிறது. எஃப்ஐஆர் போடு, சிஐடியோ வேறு ஸ்டேஷனோ விசாரிக்கட்டும், மாஜிஸ்திரேட் விசாரணை நடத்து, சுட்ட கையோடு பதக்கமும் பதவி உயர்வும் கொடுக்காதே என்று. ஆள் செத்தால் மட்டுமில்லை, படுகாயம் என்றாலும் முடிந்தவரை இவை பொருந்தும். இதில் ஒன்றையாவது குழுவில் கேட்டீர்களா? நியாயம் பேசினீர்கள், அவர் பதிலுக்கு வக்காலத்து என்றார். அவர்மேல் தப்பில்லை.

தூத்துக்குடியில் சுட்ட அன்று, 2018 மே 22 சாயங்காலம், அப்பாவும் நானும் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். வேன்மேல் ஏறி நின்று குறிபார்த்த அந்த மஞ்சள் பனியன் ஆளைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். திண்ணையில் கேட்ட பழைய வரி வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "இந்த ஆளுக்கு எத்தன தோட்டா குடுத்திருப்பான்? திரும்ப ஒப்படைக்கிறப்ப எண்ணித்தானே வாங்குவான்? அது ஒரு நோட்டுதானேடா. எடுத்துப் பாத்தா தெரிஞ்சிட்டுப் போவுது."

கொஞ்ச நேரம் பேசவில்லை. விளம்பரம் வந்தபோது சொன்னார்: "நம்மூர்லயும் அன்னிக்கு ஒரு நோட்டு இருந்திருக்கும்."

அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 2020இல் அப்பா போய்விட்டார். தூத்துக்குடியை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையத்தின் இறுதி அறிக்கை 2022 மே மாதம் அரசின் கைக்குப் போய், அக்டோபரில்தான் சட்டமன்றத்துக்கு வந்தது. ஒரே காவலரை இடம் இடமாகக் கொண்டுபோய்ச் சுடவைத்தது, அவர் 17 ரவுண்டு சுட்டது எல்லாம் அதில் இருக்கிறது. அதைப் படித்த அன்றைக்கு, கூடத்தில் அவர் நாற்காலி இருந்த இடத்தைத்தான் திரும்பிப் பார்த்தேன். நாலும் சேர்ந்து வந்துவிட்டது. ஐஜி தொடங்கி 17 போலீசார்மேல், அன்றைய கலெக்டர்மேல் நடவடிக்கை வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். பரிந்துரைதான். ஆணையம் சொன்னால் அரசு செய்தே ஆகவேண்டும் என்று சட்டத்தில் இல்லை. பேரேடு நேராகிவிட்டது, பாக்கி தீரவில்லை.

சித்தப்பாவுக்கு என்ன பதில் என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போய்விட்டேன். மூட்டைக்கு 40 கிலோதான் நிற்கிறதா என்று முள்ளைப் பார்த்துக்கொண்டே நிற்கிற மனிதரிடம் போய் மனித உரிமை என்று ஆரம்பிக்காதீர்கள். அடுத்த தடவை செய்தி போடும்போது "எத்தனை ரவுண்டு சித்தப்பா?" என்று மட்டும் கேளுங்கள். திட்டுவார். அதற்கடுத்த தடவையும் கேளுங்கள். குறுவை நெல் ஈரம் எவ்வளவு காட்டியது என்று நான் விசாரித்ததாகவும் சொல்லுங்கள்.