நீக்க முடியாத ஆப்

கேள்வி: ஆண்ட்ராய்டு போனில் திரை முழுக்க விளம்பரம் தானாக வருகிறது. சந்தேகப்படும் ஆப்பை நீக்கப் போனால் 'அன்இன்ஸ்டால்' பொத்தான் மங்கிக் கிடக்கிறது. என்ன செய்வது?

பதில்: அந்த ஆப் பெரும்பாலும் போனை நிர்வகிக்கும் 'டிவைஸ் அட்மின்' அனுமதியை வாங்கி வைத்திருக்கும், பொத்தான் மங்குவது அதனால்தான். முதலில் வைஃபை, மொபைல் டேட்டா இரண்டையும் அணையுங்கள். பவர் மெனுவில் 'பவர் ஆஃப்' என்பதை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் 'சேஃப் மோட்' வரும். அதில் நீங்கள் நிறுவிய ஆப்கள் இயங்காது. செட்டிங்ஸில் 'டிவைஸ் அட்மின்' என்று தேடி, அனுமதியை எடுத்துவிட்டு ஆப்பை நீக்குங்கள்.

செட்டிங்ஸில் 'அக்சஸிபிலிட்டி' (மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் வசதி) பட்டியலையும் அவசியம் பாருங்கள். அங்கே அனுமதி பெற்ற ஆப் திரையில் தெரிவதைப் படிக்கும், உங்களுக்குப் பதிலாகப் பொத்தானையும் அழுத்தும். விளம்பரத்தைவிட இதுதான் பெரிய ஆபத்து. அந்தப் பட்டியலில் அது இருந்தால், வங்கிக் கடவுச்சொல்லை வேறொரு கருவியிலிருந்து உடனே மாற்றுங்கள்.