தரவரிசை எண்ணை எப்படி வாசிப்பது?

கேள்வி: என் மகளுக்கு முதுகலைப் படிப்புக்காக இரண்டு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று கியூ.எஸ். உலகத் தரவரிசையில் முதல் 100க்குள் வருகிறது. மற்றொன்று 300ஐ ஒட்டி நிற்கிறது. பாடத்திட்டத்தை ஒப்பிட்டுப் பார்த்த மகள் இரண்டாவதையே விரும்புகிறாள். உறவினர்கள் எல்லோரும் முதலாவதில்தான் சேர்க்க வேண்டும் என்கிறார்கள். இந்த எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம்?

பதில்: உங்கள் மகள் பாடத்திட்டத்தை எடுத்து வைத்துப் படித்திருக்கிறார் என்பதே எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளிக்கிறது. இடம் கிடைத்தவர்களில் பலர் அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

தரவரிசை என்பது ஒரு கூட்டல் கணக்கு. எதையெல்லாம் கூட்டுகிறார்கள் என்று பார்த்தால்தான் விடையின் பொருள் விளங்கும். 2003இல் தொடங்கிய ஷாங்காய் தரவரிசையில் 100க்கு 30 மதிப்பெண்கள், நோபல் பரிசோ கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கமோ பெற்ற முன்னாள் மாணவர்களையும் ஆசிரியர்களையும் கணக்கில் கொண்டு தரப்படுகின்றன. வகுப்பறையில் பாடம் எப்படி நடக்கிறது என்பதற்கு அதில் தனி இடமே இல்லை. நீங்கள் குறிப்பிடும் கியூ.எஸ். பட்டியலில் 30 மதிப்பெண்கள் உலகெங்கும் உள்ள கல்வியாளர்களிடமும் 15 மதிப்பெண்கள் வேலை தருவோரிடமும் கருத்துக் கேட்டு வழங்கப்படுபவை. அதாவது, ஏறத்தாழப் பாதி மதிப்பெண் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு உரியது. ஆசிரியர் - மாணவர் விகிதத்துக்குக் கிடைப்பது 10 மட்டுமே.

அந்த 10 என்பதும் முன்பு 20ஆக இருந்தது. 2024ஆம் ஆண்டுப் பட்டியலுக்காக அதைப் பாதியாகக் குறைத்து, பட்டதாரிகளின் வேலைவாய்ப்பு, பன்னாட்டு ஆய்வுத் தொடர்பு போன்ற புதிய அளவுகோல்களைச் சேர்த்தார்கள். அதற்கு முந்தைய பட்டியலில் 33ஆம் இடத்தில் இருந்த மெல்போர்ன் பல்கலைக்கழகம் 14ஆம் இடத்துக்கு வந்தது; 45ஆம் இடத்தில் இருந்த நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் 19ஆம் இடத்துக்கு ஏறியது. இரண்டுமே சிறந்த பல்கலைக்கழகங்கள்தான். முந்தைய ஆண்டிலும் அதே அளவு சிறந்தவையாகவே இருந்தன. ஓராண்டில் 26 இடங்கள் முன்னேறும் அளவுக்கு ஒரு வளாகத்தின் கல்வி மாறிவிடாது என்பதால், எடைபோடும் படிக்கல்லை மாற்றியதே இதற்கு முக்கியக் காரணம் என்று கொள்ள வேண்டும்.

பல்கலைக்கழகங்கள் தாமே அளிக்கும் புள்ளிவிவரங்களிலும் பிழை நேர்வதுண்டு. அமெரிக்காவின் யு.எஸ். நியூஸ் பட்டியலில் 2ஆம் இடத்தில் இருந்த கொலம்பியா பல்கலைக்கழகம், அதன் கணிதப் பேராசிரியர் ஒருவரே தரவுகளைக் கேள்விக்கு உட்படுத்திய பின், 2022இல் 18ஆம் இடத்துக்கு இறங்கியது.

இருப்பினும், உறவினர்கள் சொல்வதை முழுவதும் ஒதுக்கிவிட வேண்டாம். சில நாடுகள் விசாவுக்கே இந்தப் பட்டியல்களைப் பார்க்கின்றன. பிரிட்டன் 2022இல் தொடங்கிய உயர்திறனாளர் விசாவும், பட்டம் பெற்றபின் வேலை தேடுவதற்கு நெதர்லாந்து அளிக்கும் ஓராண்டு அனுமதியும் அத்தகையவை. படிப்பு முடிந்து இன்னொரு நாட்டுக்குச் செல்லும் எண்ணம் உங்கள் மகளுக்கு இருந்தால், இரண்டு பல்கலைக்கழகங்களில் எது அந்த வரம்புக்குள் வருகிறது என்று இப்போதே பார்த்துவிடுவது நல்லது.

அந்த எண்ணம் இல்லையென்றால், நான் அவர் பக்கமே நிற்பேன். கட்டாயப் பாடங்கள் எவை, அவற்றை நடத்துபவர் யார், ஆய்வேட்டுக்கு வழிகாட்டி எப்போது ஒதுக்கப்படுவார், தொழிற்பயிற்சி படிப்பின் பகுதியா அல்லது மாணவரே தேடிக்கொள்ள வேண்டியதா என்ற நான்கு கேள்விகளையும் இரு துறைகளுக்கும் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். பதில் எவ்வளவு தெளிவாக வருகிறது என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: மொத்தத் தரவரிசையை விட்டுவிட்டு, துறைவாரித் தரவரிசையை மட்டும் பார்த்தால் போதுமா?

பதில்: மொத்தப் பட்டியலைவிட அது நிச்சயமாக மேல். லண்டன் பொருளாதாரப் பள்ளியில் மருத்துவமோ பொறியியலோ கிடையாது. அதனால் மொத்தப் பட்டியலில் பின்தங்கித் தெரியும் அந்த நிறுவனம், சமூக அறிவியல் பட்டியலில் உலகின் முன்வரிசையில் நிற்கிறது. ஆனால் துறைவாரிப் பட்டியலும் பெரும்பாலும் ஆய்வையும் பெயரையும்தான் அளக்கிறது. முனைவர் பட்டம் வரை செல்ல விரும்புவோருக்கு அது பெரிதும் உதவும். ஓராண்டு முதுகலை முடித்து வேலைக்குச் செல்ல நினைப்பவர், சென்ற ஆண்டு அதே படிப்பை முடித்த இருவரிடமாவது பேசிய பிறகே முடிவெடுக்க வேண்டும்.