மாண்ட்ரியலா, டொரண்டோவா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் திருச்சியைச் சேர்ந்தவன். மென்பொருள் துறையில் பதினோரு ஆண்டு அனுபவம். கனடாவில் இரண்டு நிறுவனங்கள் வேலை தர முன்வந்திருக்கின்றன, ஒன்று டொரண்டோவில், இன்னொன்று மாண்ட்ரியலில். சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. டொரண்டோவில் வாடகை அதிகம், ஆனால் நம் மக்கள் நிறைய இருக்கிறார்கள். மாண்ட்ரியலில் குளிர் கடுமை என்கிறார்கள். என் கவலையெல்லாம் ஏழு வயது மகளைப் பற்றித்தான். அங்கே அவள் பிரெஞ்சுப் பள்ளியில்தான் படிக்க வேண்டுமாம். தற்காலிக அனுமதியில் வருபவர்களின் பிள்ளைகளுக்கு மூன்று ஆண்டு விலக்கு உண்டு, அதைப் பயன்படுத்தி ஆங்கிலப் பள்ளியில் சேர்த்துவிட்டுப் பிறகு டொரண்டோவுக்கு மாறிக்கொள்ளலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். ஒரு மொழியை இப்படித் திணிப்பது என்ன நியாயம்? மனைவிக்கு எந்த ஊரானாலும் சம்மதம். நீங்கள் இரண்டு ஊர்களிலும் தங்கியவர். எதைத் தேர்ந்தெடுப்பது?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

குளிரையும் வாடகையையும் முதலில் முடித்துவிடுகிறேன். டொரண்டோவில் வாடகை கூடுதல், மாண்ட்ரியலில் பனி கூடுதல். இரண்டையும் லட்சக்கணக்கானவர்கள் சமாளிக்கிறார்கள், நீங்களும் சமாளிப்பீர்கள். தமிழர்கள் டொரண்டோவின் ஸ்கார்பரோ பக்கம் மிகுதி. மாண்ட்ரியலிலும் கோத்-தெ-நேஜ் பகுதியில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கிடைக்கும், டொலார்-தெ-ஒர்மோவில் முருகன் கோயில் இருக்கிறது. இவற்றை வைத்து ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது 'திணிப்பு' என்ற சொல். சில வாரங்களாகவே அந்தச் சொல்லைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். 1964 ஜனவரி 25 அன்று உங்கள் திருச்சி ரயில் நிலையத்தின் முன் கீழப்பழுவூர் சின்னசாமி தன் உடலுக்குத் தீ வைத்துக்கொண்டாரே, அந்த ஊரிலிருந்து நீங்கள் எழுதுகிறீர்கள். தன் மொழிக்காக ஒரு சமூகம் எவ்வளவு தூரம் போகும் என்பதை உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும், இன்னொரு சமூகம் தன் மொழிக்காகச் செய்த ஏற்பாட்டை அதன் வரலாற்றில் ஒரு வரிகூடப் படிக்காமல் திணிப்பு என்று எழுதிவிட்டீர்கள். இது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

1960களில் மாண்ட்ரியலில் பெரும்பான்மையோர் பிரெஞ்சு பேசுகிறவர்கள். ஆனால் வங்கியிலும் தொழிற்சாலையிலும் மேலிடத்தின் மொழி ஆங்கிலம். கனடிய அரசு அமைத்த விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது, மாண்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாநிலத்திலேயே பிரெஞ்சு வம்சாவளி ஆண்களின் வருமானம் பல இனக்குழுக்களின் பட்டியலில் ஏறத்தாழ அடிமட்டத்தில் இருந்தது தெரியவந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களோ, உங்களைப் போலவே கணக்குப் போட்டு, பிள்ளைகளைப் பெரும்பாலும் ஆங்கிலப் பள்ளிக்கே அனுப்பினார்கள். அதையொட்டி 1968இல் செயின்ட்-லியோனார் பகுதியில் இத்தாலியப் பெற்றோருக்கும் பிரெஞ்சுத் தரப்புக்கும் பெரிய மோதலே வந்தது. 1976 நவம்பரில் கியூபெக்குக்குத் தனிநாடு கேட்ட பார்த்தி கெபெக்வா கட்சி மாநில ஆட்சியைப் பிடித்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் 101ஆம் சட்டம் என்ற மொழிச் சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்த அமைச்சர் கமீல் லோரான் தொழிலால் மனநல மருத்துவர். ஒரு சமூகம் தன் மொழியைப் பற்றிக் கூச்சப்படுவதையே அவர் நோயாகக் கண்டார் என்று நான் புரிந்துகொள்கிறேன். ஆங்கிலம் பேசும் குடும்பங்களின் பள்ளிகளை அந்தச் சட்டம் மூடிவிடவில்லை. புதிதாக வருகிறவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சில் படிக்க வேண்டும் என்றது. நிறுவனங்கள் பல தலைமையகத்தைத் தூக்கிக்கொண்டு டொரண்டோவுக்குப் போயின. கனடாவின் முதல் நகரம் என்ற இடத்தை மாண்ட்ரியல் இழந்தது அந்தப் பத்தாண்டில்தான். இரண்டு ஊர்களுக்கும் இடையிலான போட்டியின் வேர், அவற்றின் ஹாக்கி அணிகள் மோதும் மைதானத்தைவிட இங்கேதான் ஆழமாகப் போயிருக்கிறது.

அந்தச் சட்டத்தின் ஒவ்வொரு வரியும் சரி என்று நான் சொல்ல மாட்டேன். கடைக்காரர் பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து 'பொன்ஜூர், ஹாய்' என்று வரவேற்பதற்கு எதிராக 2017இல் மாநிலச் சட்டமன்றமே தீர்மானம் போட்டது எனக்கு மிகையாகத்தான் படுகிறது.

2011 பிப்ரவரியில் நான் மாண்ட்ரியலில் மூன்று வாரம் ஒரு யாழ்ப்பாணத்து அக்காவின் வீட்டில் தங்கியிருந்தேன். அவர் 1988இல் ஒன்பது வயது மகளோடு வந்து இறங்கி, ஷபனெல் தெருவின் தையல் ஆலைகளில் இருபது ஆண்டு வேலை பார்த்தவர். நான் உங்கள் கேள்வியையே அவரிடம் வேறு விதமாகக் கேட்டேன். "முதல்ல எனக்கும் கோவம்தான் தம்பி. சிங்களம் மட்டும் எண்ட சட்டத்துக்குப் பயந்து ஓடி வந்தா இஞ்சையும் ஒரு மொழிச் சட்டமோ எண்டு அழுதனான். ரொறன்ரோவுக்குப் போவம் எண்டு இவரோட சண்டையும் பிடிச்சனான்" என்றார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு பழைய கோடு போட்ட கொப்பியை எடுத்து வந்தார்.

அவருடைய மாலை வகுப்புக் கொப்பி அது. இடப்பக்கம் பிரெஞ்சுச் சொற்கள் தமிழ் எழுத்தில், வலப்பக்கம் பொருள். 'லா போர்த்' கதவு, 'ல முய்ர்' சுவர், 'லா நேஜ்' பனி. ஒவ்வொரு சொல்லுக்குப் பக்கத்திலும் சிவப்புப் பேனாவால் 'ஆ' அல்லது 'பெ' என்று ஓர் எழுத்து. உயிரற்ற பொருளையெல்லாம் அஃறிணை என்று ஒரே பக்கம் ஒதுக்கி வளர்ந்த நமக்கு, கதவு பெண்பால், சுவர் ஆண்பால், கத்தி ஆண்பால், முள்கரண்டி பெண்பால் என்று ஒவ்வொன்றாக மனனம் செய்வது எவ்வளவு பெரிய உழைப்பு என்று அந்தச் சிவப்பு எழுத்துகளைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. 'தெரு' என்பதற்கான சொல்லில் வரும் உயிரொலிக்குத் தமிழில் எழுத்து இல்லை. 'ரூ' என்று எழுதி அதன் தலையில் ஒரு சிறு கொக்கி போட்டிருந்தார். அந்தக் கொக்கி அவரே செய்துகொண்ட எழுத்து. நீ, நீங்கள் என்ற வேறுபாடு மட்டும் தனக்கு முதல் நாளே வந்துவிட்டது, ஆங்கிலம் பேசுகிறவர்கள்தான் அதில் தடுமாறினார்கள் என்று பெருமையோடு சொன்னார்.

வகுப்பில் சேர்ந்த காரணத்தையும் சொன்னார். மகளின் பள்ளியில் ஆசிரியை கூப்பிட்டு ஏதோ நீளமாகச் சொன்னாராம். மகள் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னாள், "நல்லாப் படிக்கிறனாம் அம்மா." ஆசிரியையின் முகம் அப்படிச் சொல்லவில்லை. "எனக்கும் என்ரை பிள்ளைக்கும் நடுவில ஒரு வரி காணாமல் போகுது எண்டு விளங்கிச்சு. அடுத்த கிழமையே கொப்பி வாங்கினன்" என்றார். அந்த மகள் இப்போது அதே நகரில் செவிலியராக இருக்கிறார். நோயாளிகளிடம் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும், வீட்டில் அம்மாவிடம் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழிலும் பேசுகிறார்.

எஸ்., உங்கள் மகளுக்கு ஏழு வயது. அவளைப் போன்ற பிள்ளைகளுக்கென்றே அங்குள்ள பள்ளிகளில் வரவேற்பு வகுப்புகள் இருக்கின்றன. ஓராண்டு போவதற்குள் அவள் விளையாட்டு மைதானத்தில் பிரெஞ்சில் சண்டை போடுவாள். பிரெஞ்சுப் பள்ளியிலும் முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் ஒரு பாடம். பின்னால் மெகில், கான்கார்டியா போன்ற ஆங்கிலப் பல்கலைக்கழகங்களில் சேரவும் தடை இல்லை. ஆகவே அவளைப் பற்றி உங்களுக்குக் கவலை வேண்டாம். நாற்பதை நெருங்கும் வயதில் மறுபடியும் எழுத்துக்கூட்டிப் படிக்க நீங்கள்தான் அஞ்சுகிறீர்கள். அதற்குக் குழந்தையின் பெயரைச் சொல்கிறீர்கள். இதைக் கடுமையாகச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும், ஆனால் வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நண்பர் சொன்ன மூன்றாண்டு விலக்கு சட்டத்தில் இருக்கிறது. தற்காலிகமாக வருகிறவர்களுக்காக வைத்தது அது. அதை நம்பி மாண்ட்ரியலுக்குப் போகாதீர்கள். பிரெஞ்சு பேசும் தெருவில் குடியிருந்துகொண்டு அந்தத் தெருப் பிள்ளைகளோடு பேசாத ஒரு சிறுமியை மூன்று ஆண்டு வளர்த்து, அவள் தோழிகளைச் சேர்த்துக்கொள்ளும் பத்து வயதில் பிடுங்கி ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் நடுவது அவளுக்குச் செய்யும் கொடுமை. பிரெஞ்சு படிக்க மனமில்லையென்றால் இன்றே டொரண்டோ நிறுவனத்துக்குச் சம்மதம் எழுதிவிடுங்கள். அதில் எந்தக் குறைவும் இல்லை. ஸ்கார்பரோவில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தில் தமிழுக்கு இருக்கையே அமைந்திருக்கிறது. நல்ல ஊர்.

'மனைவிக்கு எந்த ஊரானாலும் சம்மதம்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். உங்களுக்கு அலுவலகத்தில் ஆங்கிலம் போதும். மருந்துக்கடை, பள்ளிக்கூடம், வேலை தேடல் என்று பிரெஞ்சோடு நாள் முழுவதும் மல்லுக்கட்டப் போகிறவர் அவர்தான். மாநில அரசு இலவசமாக நடத்தும் வகுப்புகள் இருக்கின்றன. அங்கே போய் உட்கார அவருக்கு விருப்பமா, அந்த மாலைகளில் நீங்கள் சமைத்துக் குழந்தையைப் பார்த்துக்கொள்வீர்களா என்று இருவரும் உட்கார்ந்து பேசியதாக உங்கள் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. இன்றிரவு பேசுங்கள். அவர் எந்த ஊரைச் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.