வேர் ஊக்கி ஊற்றியும் வேர் நீளவில்லையே? – கேள்வி பதில்

கேள்வி: வேர் ஊக்கிப் பொடியைக் கரைத்து நாற்றுகளுக்கு வாராவாரம் ஊற்றுகிறேன் சார். வேர் கட்டைகட்டையாகவே நிற்கிறது. பொடி போலியா?

பதில்: போலி இல்லை, நன்றாக வேலை செய்கிறது. அதுதான் சிக்கலே. அந்தப் பொடிகளில் பெரும்பாலும் ஐபிஏ அல்லது என்ஏஏ இருக்கும். இரண்டுமே ஆக்சின் என்ற செடி வளர்ச்சி ஹார்மோன் வகை. ஆக்சின் புது வேரைக் கிளப்பிவிடும், இருக்கிற வேரை நீளவிடாது. தண்டை நீளவைக்கும் அளவே வேருக்கு ரொம்ப அதிகம். ஒரு நாற்றைப் பிடுங்கிக் கழுவிப் பாருங்கள்: வேர் குட்டையாகத் தடித்து, பக்கவேர்கள் நெருக்கமாக முளைத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். பொடி வேரில்லாத போத்துக்குத்தான், அதாவது வெட்டி நடும் தண்டுக்கு. அடிநுனியில் ஒருமுறை தொட்டு நட்டால் போதும். இளந்தண்டுக்கு 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1000 பங்கு) அளவும், முற்றிய குச்சிக்கு 8000 வரையும் பயன்படுத்துவார்கள். உங்கள் நாற்றுகளுக்கு இனி வெறும் தண்ணீர்தான்.

கேள்வி: அப்படியானால் ஆக்சினைத் தடுத்தால் வேர் நீளுமா?

பதில்: கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடக்காது. கொஞ்சம் ஆக்சின் இல்லாமல் வேரே இல்லை. ஆய்வுக்கூடத்தில் என்பிஏ என்ற தடுப்பானைக் கொடுத்து ஆக்சின் செல்லுக்குச் செல் நகர்வதை நிறுத்துவார்கள். பக்கவேர் முளைப்பது நின்றுவிடும். அதோடு வேருக்குத் திசையும் தெரியாமல் போகும். கீழே இறங்காமல் பக்கவாட்டில் போகும், சுருளும். ஏனென்றால் படுக்கவைத்த வேரில் ஆக்சின் அடிப்பக்கம் கூடுதலாகச் சேரும். அந்தப் பக்கம் மெதுவாக நீள, மேல்பக்கம் வேகமாக நீள, நுனி கீழே வளையும். உங்கள் நாற்றின் வேரைக் குட்டையாக்கிய அதே குணம்தான் வேரை மண்ணுக்குள் இறக்குகிறது!

கேள்வி: எத்திலீன் பழம் பழுக்கத்தானே? வேரில் அதற்கு என்ன வேலை?

பதில்: நிறைய. அது செடியே விடும் வாயு ஹார்மோன். வேர்த்தூவிகளைப் பெருக்கும், நீளத்தைக் குறைக்கும். இறுகிய மண்ணில் வேர் நின்றுபோவதற்கு மண்ணின் கெட்டித்தன்மைதான் காரணம் என்று நினைத்திருந்தோம். 2021-இல் வந்த ஆய்வு வேறு கதை சொன்னது: வேர் விடும் எத்திலீன் வெளியேற இடுக்கு இல்லாமல் அங்கேயே தேங்கி, 'நில்' என்கிறது. எத்திலீனை உணராத மரபுப்பிறழ்வுச் செடிகளின் வேர்கள் அதே இறுகிய மண்ணுக்குள் நுழைந்தன. வெள்ளி நைட்ரேட்டும் எத்திலீனை உணரவிடாது, ஆனால் அது ஆய்வுக்கூடச் சரக்கு, மண்ணில் கொட்டிவிடாதீர்கள். மண்ணைப் பொலபொலப்பாக்குங்கள், வாயு தானே வெளியேறும்.

கேள்வி: போத்துக்குச் சைட்டோகைனினும் சேர்த்துக் கொடுத்தால் தழையும் வேரும் ஒன்றாக வருமா அண்ணா?

பதில்: வராது தம்பி. சைட்டோகைனின் தளிரைக் கிளப்பும் ஹார்மோன், வேர் முளைப்பதை அடக்கும். ஸ்கூக், மில்லர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1957-லேயே புகையிலைத் திசுவில் காட்டிவிட்டார்கள்: ஆக்சின் ஓங்கினால் வேர், சைட்டோகைனின் ஓங்கினால் தளிர். முதலில் வேர் பிடிக்கட்டும், தழை அப்புறம் தானே வரும்.

கேள்வி: பேக்லோபூட்ரசால் வேருக்கும் கேடா?

பதில்: அது, தண்டை நீளவைக்கும் ஜிப்ரெல்லின் என்ற ஹார்மோன் உருவாவதைத் தடுக்கும் மருந்து. முதல் அடி தண்டுக்குத்தான். அளவு கூடினால் வேரும் தடித்துக் குட்டையாகும். மண்ணில் நெடுநாள் தங்கும் என்பதால், போன தடவை ஊற்றியதையும் கணக்கில் வைத்துக்கொண்டு அளவைக் குறையுங்கள்.