சிங்கப்பூர் மழை: தக்கலைத் தம்பிக்கு ஒரு பதில்

கட்டுமான வேலைக்கு சிங்கப்பூர் வரப்போகிற தக்கலைத் தம்பி சம்பளப் பிடித்தம், சாப்பாடு, மழை என்று மூன்றைக் கேட்டிருக்கிறார். முதல் இரண்டுக்கும் டார்மெட்டரியில் வந்து இறங்கியதுமே ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். நான் மழைக்கு வருகிறேன்.

"ரெண்டு பருவமழையும் பார்த்த குமரிக்காரனுக்கு இதெல்லாம் ஒரு மழையா?" என்று நம்மாட்கள் சிலர் சவடால் விடுவார்கள். காதில் வாங்காதீர்கள். இங்கே பயப்பட வேண்டியது மழைக்கு அல்ல, மின்னலுக்கு. வருஷத்தில் சராசரியாக 160 நாளுக்கு மேல் இடி இடிக்கும் ஊர் இது. ஏப்ரல், மே, அப்புறம் நவம்பர் ரொம்ப மோசம். காலையில் சுள்ளென்று வெயில் அடிக்கும். அந்தச் சூட்டிலேயே மேகம் திரண்டு மத்தியானத்துக்கு மேல் ஆரம்பித்துவிடும். ஒரு சொட்டு விழாத பக்கத்திலும் மின்னல் இறங்கும்.

சைட்டில் 'கேட் ஒன்' என்று மின்னல் எச்சரிக்கை சொன்னால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு இறங்கிவிடுங்கள். நான் வந்த புதிதில் ஒரு சூப்பர்வைசர், நம்ம ஊர்ப் பக்கம்தான், "இந்தக் கம்பியைக் கட்டி முடிச்சிட்டு இறங்கு" என்று நிறுத்திவைத்தார். ஒன்பதாவது மாடி. சுற்றிலும் குத்திட்டு நிற்கும் கம்பிகள். பக்கத்து சைட் கிரேன் உச்சியில் மின்னல் இறங்கியது பாருங்கள், காது அடைத்துப்போய், கையிலிருந்த கட்டுக்கம்பி எங்கே விழுந்ததென்றே தெரியவில்லை. படியில் எனக்கு முன்னால் ஓடியது அந்த சூப்பர்வைசர்தான். வெளிநாட்டில் நம்மை விரட்டி வேலை வாங்குவதில் நம்மாட்களை மிஞ்ச ஆளில்லை.

'சுமத்ரா' என்றொரு காற்று உண்டு. மலாக்கா நீரிணை தாண்டி, பெரும்பாலும் விடிகிற நேரத்தில், மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் மழையோடு வரும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஆரல்வாய்மொழிக் காற்றில் சைக்கிள் மிதித்த கால் இது, எனக்குப் புதிதில்லை. மேற்கே கறுத்தால் சேஃப்டி ஆள் சொல்வதற்கு முன்பே தகரத்தையும் பலகையையும் இறுக்கிக் கட்டிவிடுவேன்.

புயல் பயம் வேண்டாம். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் காற்றைச் சுழற்றிவிட பூமியின் சுழற்சி விசை போதாது. 2001 டிசம்பரில் பக்கத்து மலேசியாவின் ஜொகூரில் கரையேறிய வாமெய் புயல் அபூர்வம். அந்தக் கொடுப்பினை நம் ஊருக்கு இல்லை. 2017 நவம்பர் 30, ஒக்கி அடித்த அன்று குளச்சல் வீட்டு நம்பரை விடாமல் அழுத்திக்கொண்டிருக்கிறேன், லைனே போகவில்லை. ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடக்கிற படங்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. பக்கத்துக் கட்டில்காரன், அவனும் தமிழன்தான், எட்டிப் பார்த்துவிட்டு, "கேரளாவுலயா புயலு?" என்று கேட்டான். இன்றுவரை அவனோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.