மகள் இயற்பியல் கடலியல் படிக்கலாமா? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

பி.எஸ்சி. இயற்பியல் முடிக்கும் உங்கள் மகள் கேட்பது மீன் படிப்பு இல்லை அம்மா. கடல் உயிரியல் வேறு, கடல்நீரின் ஓட்டம், வெப்பம், உப்பு ஆகியவற்றை ஆராயும் இயற்பியல் கடலியல் வேறு. பாடத்திட்டத்தில் நீரோட்டமும் திரவ இயக்கவியலும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் (குசாட்) எம்.எஸ்சி. கடலியல் இதற்கேற்ற படிப்பு.

வேலை எப்படி இருக்கும்? எந்த நீர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது அதில் ஒன்று. சென்னைக் கடலையே எடுத்துக்கொள்வோம். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் கங்கை, பிரம்மபுத்திரா கலந்த உப்புக் குறைந்த நீர் கரையோரமாகத் தெற்கே இறங்குகிறது. மார்ச், ஏப்ரலில் நீரோட்டம் திசை மாறி, உப்பு கூடிய நீர் வருகிறது. வெப்பநிலையை மட்டும் பார்த்தால் இரண்டும் குழம்பும். உப்புத்தன்மையையும் சேர்த்து ஒரே வரைபடத்தில் புள்ளி வைத்தால் தனித்தனியாகத் தெரியும். கிலோவுக்குச் சுமார் 31 கிராம் உப்புள்ள நீரும் 34 கிராம் உள்ள நீரும் கலந்து 33 ஆனால், முதலாவதின் பங்கு மூன்றில் ஒன்று. வெப்பநிலையை வைத்தும் அதே விடை வர வேண்டும். வராவிட்டால் மூன்றாவது நீர் கலந்திருக்கலாம், அல்லது வெயிலும் மழையும் மேல்நீரை மாற்றியிருக்கலாம். அதனால்தான் மேற்பரப்புப் புள்ளிகளை வைத்து அவசரப்பட்டு முடிவு சொல்லக் கூடாது.

நீரின் மின்கடத்தலையும் வெப்பத்தையும் ஆழத்தையும் அளக்கும் சிடிடி கருவியும் ஏமாற்றும். மின்கடத்தலை வைத்துத்தான் உப்பைக் கணக்கிடுகிறார்கள். வெப்ப உணரியும் மின்கடத்து உணரியும் ஒரே வேகத்தில் பதில் தராததால், வெப்பம் சட்டென்று மாறும் ஆழத்தில், உண்மையில் இல்லாத உப்பு மாற்றம் வரைபடத்தில் முள்போல் முளைக்கும். மின்கடத்துக் குழாயில் காற்றுக்குமிழியோ பாசியோ இருந்தால் உப்பு குறைத்துக் காட்டும். எனவே கருவியை முதலில் சில நிமிடம் நீரில் ஊற விட்டு, பிறகே இறக்க வேண்டும். இறங்கும்போது பதிந்ததையே நம்ப வேண்டும். போத்தலில் எடுத்த நீரோடு ஒப்பிடவும் வேண்டும். இந்தச் சந்தேகக் கண்தான் இந்தத் தொழிலின் மூலதனம். மதிப்பெண் அதற்கு அடுத்ததுதான்.

கப்பல் பயணம் சில வாரங்கள்தான், மீதியெல்லாம் கணினி முன்னால். இந்த விடுமுறையிலேயே சோதித்துப் பார்க்கலாம். 2,000 மீட்டர் வரை இறங்கி அளக்கும் ஆர்கோ மிதவைகளின் தரவு இலவசம். வங்கக்கடல் மிதவை ஒன்றும் அரபிக்கடல் மிதவை ஒன்றுமாக எடுத்து, பைத்தான் கணினி மொழியில் வரைபடம் போடட்டும். வேறுபாட்டைத் தன் சொல்லில் விளக்க ஆர்வம் வந்தால் சேருங்கள்.

பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், ஐதராபாத்தின் இன்காயிஸ் எனப்படும் தேசியக் கடல் தகவல் சேவை மையம், கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம் ஆகியவற்றில் வேலை உண்டு. ஆனால் தொடக்கத்தில் பெரும்பாலும் ஒப்பந்தத் திட்டப் பணிதான் கிடைக்கும். நிரந்தர விஞ்ஞானிப் பணிக்கு முனைவர் பட்டம் பெரிதும் கைகொடுக்கும். அதற்கான உதவித்தொகைக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் புவி, வளிமண்டல, கடல் அறிவியல் தாள் இருக்கிறது. எம்.எஸ்சி. முதலாண்டிலிருந்தே அதற்குப் படிக்கத் தொடங்கட்டும்.