ஓடையோடு காணாமல் போகும் பட்டிப் பாதை

ஜவ்வாது மலையில் பீஞ்சமந்தைப் பக்கம் பழைய மாட்டுப்பட்டிக் குடிசைக்குப் போகும் தடம் ஓடையோடு மறைந்துவிடுகிறது என்கிறீர்கள். எதிர்க்கரையில் தேடாதீர்கள்; ஓடையைத் தாண்டாமல் கரையோரமாக மேலே ஏறுங்கள். தண்ணீருக்குப் பக்கத்தில்தான் பட்டி போடுவார்கள்.

எதிர்க்கரையில் தெரிகிற பல கிளைகள் அநேகமாக மாடுகள் மேயப் போன தடங்கள். மேய்ச்சல் குறைந்த இடங்களில் உண்ணிச்செடி (லண்டானா முட்புதர்) மண்டி, உண்மையான பாதையை மூடியிருக்கும். கைப்பேசி வரைபடத்தை நம்பி முள்ளுக்குள் நுழைய வேண்டாம், சட்டைதான் கிழியும்.

சமதளம் வந்ததும் தரையைப் பாருங்கள். பட்டி இருந்த இடத்தில் எரு ஊறி மண் கறுத்திருக்கும். புல் அங்கே மட்டும் தழைத்திருக்கும். கூரையை எதிர்பார்க்காதீர்கள். முழங்கால் உயரக் கல்வரிசை மிஞ்சியிருந்தாலே அதிர்ஷ்டம்.

ஆனால் அது காப்புக்காடு என்றால் அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது. மலையேறியவர்கள் பலர் இறந்த 2018 குரங்கணிக் காட்டுத் தீ விபத்துக்குப் பிறகு மலையேற்ற விதிகள் கடுமையாகிவிட்டன. முதலில் ஒடுகத்தூர் வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். கோடையில் கேட்டும் பயனில்லை, தீ அபாயத்தால் மறுப்பார்கள். ஊர்க்காரர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். ஜவ்வாது மலையில் கரடி உண்டு, உண்ணிப்பழம் அதற்குப் பிடிக்கும்.